அந்தப் பாட்டைப் பாடியது யார்? மலையகத்தில் பெயர் தெரியாத பாடகர்களைத் தேடுவோருக்கு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சைக் கேட்டிருக்கிறீர்களா? "நேற்று இரவு ஒரு பையன் பாடினானே, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, என்ன குரல்!" என்பார்கள். எந்தப் பாட்டு என்று கேட்டால் இரண்டு வரி பாடியே காட்டுவார்கள். பெயர் என்ன என்று கேட்டால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். டிக்கோயாக் குழு என்பார் ஒருவர். தலவாக்கலை என்பார் இன்னொருவர். அதற்குள் கங்காணி சத்தம் போட, பேச்சு அறுந்துவிடும்.

எங்கள் பக்கம் பாடகர்களுக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் பஞ்சம். இது நேற்று வந்த பஞ்சமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் பாடப்பட்ட பாடல்களை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். அவர் 1984இல் காலமானார், தொகுப்பு 1987இல் நூலாக வந்தது. பாடல்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றை முதலில் பாடியவள் எந்தத் தோட்டத்தில், எந்த லயத்து வரிசை வீட்டில் இருந்தாள் என்று இனி யாரிடம் கேட்பது? தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாளின் கதை வேறு. தொழிற்சங்கக் கூட்டங்களில், தொழிலாளர் படும் பாட்டை மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் பாடினார், பாடியதை அச்சிட்டும் கொடுத்தார். அச்சில் பெயர் இருந்ததால் இன்று நாம் அவரைச் சொல்கிறோம்.

ஆகவே புதிதாக இந்தத் தேடலில் இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போவதெல்லாம் ஒன்றையே சுற்றி வரும். பாட்டைப் பிடிப்பது பாதி வேலை, பாடியவரின் பெயரைப் பிடிப்பது மீதி வேலை.

முதல் படி: காலால் தேடுங்கள்

கைத்தொலைபேசியை எடுக்கும் முன் சால்வையை எடுங்கள். எங்கள் பாடகர்களில் பலர் இன்னும் இணையத்துக்கு வந்து சேரவில்லை.

திருவிழாக் காலத்தில் இரவு நிகழ்ச்சிகளுக்குப் போவது நல்ல தொடக்கம். ஆனால் நேரம் பார்த்துப் போக வேண்டும். பத்து மணிக்குப் போனால் சினிமாப் பாட்டுதான் கிடைக்கும். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் பாட்டின் பெயரை எழுதி, கூடவே ஒரு நூறு ரூபாய்த் தாளையும் மடித்து மேடைக்கு அனுப்புவார்கள். குழு அதைப் பாடித்தானே ஆக வேண்டும்? நள்ளிரவு தாண்டி, பிள்ளைகள் பாயில் தூங்கி, சீட்டு வருவது நின்ற பிறகுதான் பாடகர்கள் தங்களுக்காகப் பாடத் தொடங்குவார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. ஒன்றரை மணி இருக்கும். பனி இறங்கி மேடை விளக்கைச் சுற்றிப் புகைபோல் நின்றது. நான் பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்ப எழுந்துவிட்டேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஓகன் (கீபோர்ட்) வாசித்துக்கொண்டிருந்த இளைஞர், ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, "இது நான் எழுதியது" என்று மட்டும் சொல்லிப் பாடினார். அம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது, கொழுந்துக் கூடைக் கயிறு தலையில் அழுத்திய இடத்தில் சீப்பு தட்டுப்படுவதைப் பற்றிய பாட்டு. அழுகைப் பாட்டாக ஆகியிருக்கக்கூடியது. அவர் அதைத் துள்ளலான தாளத்தில் பாடினார், அதனால்தான் தொண்டை அடைத்தது. முடிந்ததும் ஏழெட்டுப் பேர் கைதட்டினோம். மேடைக்குப் பின்னால் போய்ப் பெயர் கேட்டேன். தாள் இல்லை. கோயில் நன்கொடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த ரசீதிலிருந்துதான் என் குறிப்பேடு தொடங்கியது.

மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடிப்பாடும் காமன் கூத்து நடக்கும் தோட்டம் அருகில் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வளர்பிறையில் காமனை ஊன்றி, பௌர்ணமியில் தகனம் நடக்கும்வரை, இரவு இரவாகப் பாட்டுதான். கூத்தில் பாடுகிறவரின் குரல் தப்புப் பறையின் ஓசையைத் தாண்டி மேட்டு லயம்வரை போக வேண்டும். ஒலிவாங்கியை நம்பி வளர்ந்த குரலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ரதியின் புலம்பலில் தெரிந்துவிடும். கூத்து மாஸ்டரோடு பழகிக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள பத்துத் தோட்டத்தில் யார் நன்றாகப் பாடுவார், யாருக்குக் குரல் போய்விட்டது, யார் மகன் தேறி வருகிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

தப்பு, உருமி வாசிப்பவர்களின் பெயரையும் கேளுங்கள். பாடகரைக் கேட்பவர்கள்கூட இவர்களைக் கேட்பதில்லை. இந்த மறதிக்குள் சாதியும் ஒளிந்திருக்கிறது. அன்று காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குத் தோட்டத்தை எழுப்பியதும் தப்புதான், பிணத்தை வழியனுப்பியதும் தப்புதான். இடத்துக்கு ஓர் அடி உண்டு. அந்த அடிகளைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒரு பெரியவரோடு ஒரு மாலை உட்கார்ந்தால், அதன் பிறகு நீங்கள் எந்தக் குழுவைக் கேட்டாலும் உங்கள் காது வேறு காதாக இருக்கும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகள், மார்கழி விடியலில் லயம் லயமாக வரும் பஜனைக் குழு, நத்தார் காலத்துத் தேவாலயப் பாடகர் குழு. முச்சக்கர வண்டிக்காரரின் பென்டிரைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹட்டன் தரிப்பிடத்தில் ஒருவர் எனக்கு இரண்டு ராப் பாடகர்களை அறிமுகப்படுத்தினார். வண்டிக் கூலியோடு முடிந்த செலவு.

இரண்டாம் படி: விரலால் தேடுங்கள்

யூடியூப் உங்களுக்கு முன்னே வைப்பதெல்லாம் ஏற்கெனவே பலர் கேட்டவை. அறியப்படாதவரை அது தானாகக் கொண்டுவந்து தராது, நீங்கள்தான் தோண்ட வேண்டும்.

தேடும் சொல்லில் ஊர்ப் பெயரைச் சேருங்கள். ஹட்டன் என்றும் அட்டன் என்றும், நுவரெலியா என்றும் நுவரேலியா என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பையன்கள் பாட்டைத் தமிழில் பாடிவிட்டுத் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறார்கள். 'மலையகப் பாடல்' என்று பொதுவாகத் தேடுவதைவிடத் தோட்டப் பெயரோடு 'பாடல்', 'ராப்', 'திருவிழா', 'இசைக்குழு' என்று தேடினால் அதிகம் அகப்படும். வந்த பட்டியலைப் பதிவேற்றிய காலத்தைக் கொண்டு வடிகட்டுங்கள். சில நூறு பேர் மட்டுமே பார்த்ததை முதலில் திறந்து பாருங்கள். பத்தில் ஏழு சுமாராக இருக்கும், அதற்காகச் சலித்துக்கொள்ளக் கூடாது.

பாட்டின் கீழே உள்ள விவரக் குறிப்பை வாசிப்பவர்கள் குறைவு. எனக்குப் பாதிப் பேர் கிடைத்தது அங்கேதான். பாடகரை விட்டுவிட்டு, பாட்டை எழுதியவர் யார், தாளம் யார், ஒலிப்பதிவு எந்த ஊரில் என்று பாருங்கள். பண்டாரவளையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடம் என்றால், அங்கே இன்னும் நான்கு பேர் பாடியிருப்பார்கள்.

சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போவது எப்படி என்பதற்கு எல்லாருக்கும் தெரிந்த பாட்டையே எடுத்துக்கொள்வோம். 2021இல் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேட்காதவர் இல்லை. அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இங்கே தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குப் போனவர். எங்கள் கதை அது. அறிவு எந்தக் குழுவில் பாடி வந்தவர் என்று பார்த்தால், 2017இல் சென்னையில் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' வரும். அந்தக் குழுவுக்குள் போனால் இசைவாணி என்ற கானாப் பாடகி வருவார். ஒரு பாட்டிலிருந்து இரண்டே எட்டில் பல மணி நேரத்துக்கான கேள்வி. ஆனால் அந்த இரண்டு எட்டை வைத்தவர்கள் என் பழக்கத்தில் மூன்று பேர்கூட இல்லை.

பழைய தலைமுறைக்கும் இதே வழிதான். 'சுராங்கனி' என்றதும் உங்கள் பெரியப்பாவின் முகம் மலர்ந்தால், அதைப் பாடிய பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனிலிருந்து இன்னொரு பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்துக்கும், அங்கிருந்து தமிழிலும் சிங்களத்திலும் பாடிய வி. முத்தழகுக்கும் அவரை அழைத்துப் போங்கள். அச்சில் உள்ள பழையவற்றுக்கு நூலக நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேர்த்து வருகிறது, மலையகத்துச் சிறு வெளியீடுகளும் அங்கே உண்டு. அதே நிறுவனத்தின் ஆவணகத்தில் ஒலி, ஒளிப் பதிவுகளும் கிடைக்கும்.

மூன்றாம் படி: மூன்று முறை கேளுங்கள்

கேட்டவுடன் அனுப்பிவிடுவது புதியவர்களின் அவசரம். முதல் முறை கைத்தொலைபேசியிலேயே கேளுங்கள், குரல் உங்களை நிறுத்துகிறதா என்று பார்க்க. அடுத்த நாள் காதுக்கருவியோடு, சொல்லையும் தாளத்தையும் கவனித்துக் கேளுங்கள். மூன்றாவது முறை நடந்துகொண்டே. இறக்கத்தில் இறங்கும்போது கால் தாளத்தோடு சேருகிறதா என்பது எனக்கு ஒரு சோதனை. வேடிக்கையாக இருக்கலாம், இதுவரை ஏமாற்றியதில்லை. சிக்னல் கிடைக்காத தோட்டமென்றால், சிக்னல் கிடைக்கும் மேட்டில் வைத்தே பாட்டைச் சேமித்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒலிப்பதிவு மோசம் என்பதற்காகப் பாடகரைத் தள்ளிவிடாதீர்கள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தோடு பதிவான ஒரு தாலாட்டு என்னிடம் இருக்கிறது. பெரிய கூடத்தில் பதிவாகிப் பளபளவென்று வந்த பல பாட்டுகள் அதன் பக்கத்தில் நிற்காது. மறுபுறம், எங்கள் தோட்டத்துப் பையன் என்பதற்காகச் சுமாரான பாட்டை நல்ல பாட்டு என்று சொல்லிவிடவும் கூடாது. மச்சான் பாடிய பாட்டை மச்சானிடமே பாராட்டிவிட்டு, ஊருக்குச் சொல்லாமல் இருப்பது குற்றமில்லை.

நான்காம் படி: எழுதி வையுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். ஒரு பாட்டுக்கு ஆறு விவரம்: பாடியவர், ஊர், எழுதியவர், இசை, எங்கே எப்போது கேட்டேன், இணைப்பு. பெயரைப் பாடகர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுதுங்கள். தலைப்பெழுத்தையும் விடாதீர்கள், ஒரே தோட்டத்தில் ஆறு யோகேஸ்வரன் இருப்பார்கள்.

இதை வலியுறுத்த எனக்குக் காரணம் உண்டு. ஒரு முறை நல்லதொரு பாட்டை வட்ஸ்அப்பில் நான்கு குழுக்களுக்கு அனுப்பினேன். பாடியவர் என்று நான் போட்ட பெயர், காணொளியில் வாயசைத்து நடித்தவருடையது. இரண்டு நாள் கழித்து அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அண்ணன், அது என் தம்பி பாடியது" என்றார் ஒருவர். கோபமாகப் பேசியிருந்தால் சமாளித்திருப்பேன், அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். நான்கு குழுவிலும் திருத்தம் போட்டேன். பாட்டைப் பரப்பியவர்களில் திருத்தத்தைப் பரப்பியவர் யாரும் இல்லை. இன்றும் அந்தப் பாட்டு தவறான பெயரோடுதான் சுற்றுகிறது, அதை ஓட்டிவிட்டவன் நான்.

ஐந்தாம் படி: ஒருவருக்கு ஒன்று

பரிந்துரைப்பதில் எல்லாரும் செய்யும் பிழை, பந்தி வைப்பதுபோல் இலை நிறையப் பரிமாறுவது. ராகலையில் ஆசிரியராக இருக்கும் நண்பருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினான்கு இணைப்புகளை அனுப்பினேன். நன்றி என்று பதில் வந்தது. ஒரு மாதம் கழித்துச் சந்தித்தபோது, ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை என்று தெரிந்தது. பிறகு ஒரே ஒரு பாட்டை அனுப்பி, "இரண்டாவது நிமிடத்தில் உருமி நுழையும். அதற்கு முன் நிறுத்திவிட வேண்டாம், சேர்" என்று எழுதினேன். அன்று இரவே அழைத்தார். உருமியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினோம். மற்றப் பதின்மூன்றையும் அதன் பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஆளை முதலில் நினையுங்கள், பாட்டை அடுத்து. இந்த மனிதர் எதைக் கேட்டு வளர்ந்தவர்? எப்போது கேட்பார், சமைக்கும்போதா, பஸ்ஸிலா? சீர்காழியின் குரலில் ஊறிய தாத்தாவிடம் ராப் பாட்டை நீட்டினால் அவர் முகம் சுளிப்பது அவர் பிழை ஆகாது. அவருக்குக் கூத்துப் பாடகரின் எட்டுக்கட்டைக் குரலைக் கொடுங்கள். ராப் கேட்கும் மருமகனுக்கு, சொல் அடுக்கில் ராப்பைத் தோற்கடிக்கும் ஒரு கும்மிப் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

பிறகு ஒரு வரி எழுதுங்கள். பாடகரின் பெயர், ஊர், பாட்டில் காதைத் தீட்ட வேண்டிய இடம், அவ்வளவுதான். 'அடுத்த எஸ்.பி.பி.', 'உலகத்தரம்' போன்ற சொற்களை அடுப்பில் போடுங்கள். அப்படிச் சொல்லி அனுப்பினால், கேட்பவர் எஸ்.பி.பி.யைத் தேடிக்கொண்டே இருப்பார், பாடுகிறவரைக் கேட்க மாட்டார். 'பாவம், தோட்டத்துப் பிள்ளை, ஆதரவு கொடுங்கள்' என்பது அதைவிட மோசம். பாட்டுக்காகக் கேட்கட்டும், பாவத்துக்காக வேண்டாம்.

பதிவிறக்கிய கோப்பை அனுப்பாமல், பாடகரின் சொந்தப் பக்கத்து இணைப்பை அனுப்புவது அவருக்கு நீங்கள் செய்யும் நேரடி உதவி. ஸ்பொட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பணம் கிடையாது. வட்ஸ்அப்பில் ஐயாயிரம் பேர் கேட்டாலும் அந்தக் கணக்கில் அது பூச்சியம்தான்.

பதிவு செய்யும் முன்

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரியைப் பதிவு செய்யாதீர்கள். ஒப்பாரியில் எங்கள் மிகச் சிறந்த கவிதை இருக்கிறது என்பது உண்மை. அந்தத் தாய் அதை உங்களுக்காகப் பாடவில்லை என்பதும் உண்மை. மூன்று மாதம் கழித்துப் போய், வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, விருப்பமிருந்தால் பாடிக்காட்டுவீர்களா பெரியம்மா என்று கேளுங்கள். சிலர் பாடுவார்கள். சிலர் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். அப்போது தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பாடியவர் சம்மதித்தாலும், இணையத்தில் போடலாமா என்று தனியாகக் கேட்க வேண்டும். பதிவுக்குத் தலையாட்டியது பதிவேற்றத்துக்கும் தலையாட்டியதாகாது. சிறுபிள்ளைகள் என்றால் பெற்றோரிடம். போட்ட பிறகு கொண்டுபோய்க் காட்டுங்கள். தன் பெயர் தமிழில் சரியாக எழுதப்பட்டிருப்பதை ஒரு பாட்டி விரலால் தடவிப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

கூடிக் கேட்பது

ஐந்தாறு பேர் சேர்ந்துவிட்டால் மாதம் ஒரு முறை ஒருவர் வீட்டில் கூடலாம். பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை வசதி. ஆளுக்கு இரண்டு பாட்டு, பாட்டு ஓடும்போது பேச்சில்லை, முடிந்ததும் கொண்டுவந்தவர் கடைசியாகப் பேச வேண்டும். இந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் எல்லாரும் அவருடைய கருத்தையே திருப்பிச் சொல்வார்கள். நாங்கள் கூடும்போது ரொட்டியும் கட்டைச் சம்பலும் இருக்கும். ஒரு முறை சம்பலைப் பற்றியே பேசி, பாட்டு கேட்காமல் கலைந்தோம். பிடிக்கவில்லை என்று சொல்லவும் இடமிருக்க வேண்டும். ஏன் பிடிக்கவில்லை என்று ஒருவர் யோசித்துச் சொல்வதில்தான், ஒரு பாட்டை எப்படிக் கேட்பது என்று மற்றவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

விட்டுவிடாதீர்கள்

2023இல் தமிழகத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றில் புசல்லாவைப் பக்கத்துச் சிறுமி அசானி பாடியபோது, மலையகம் முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது. பெரிய மேடை கூப்பிட்ட பிறகு எல்லாருக்கும் பெயர் தெரியும். அதற்கு முன் தெரிந்துவைத்திருந்து, கேட்டேன், நன்றாக இருந்தது என்று சொன்ன நான்கு பேர் ஒவ்வொரு பாடகருக்கும் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது உங்கள் குறிப்பேட்டில் உள்ளவர்களுக்கு ஓர் அழைப்பு எடுங்கள். புதிதாக ஏதும் பாடினீர்களா என்று கேளுங்கள். கல்யாண வீட்டுக்கு இசைக்குழு தேடுகிறார்கள் என்றால் அவர்களைச் சொல்லுங்கள். சொல்லும்போது சம்பளத்தையும் வேன் செலவையும் சேர்த்துப் பேசிவிடுங்கள், தெரிந்தவர்தானே என்று சும்மா பாட வைக்காதீர்கள்.

ரசீதில் பெயர் எழுதிக் கொடுத்த ஓகன்காரர் இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். ஓகனை விற்கவில்லை, தோட்டத்து வீட்டில் சீலை சுற்றி வைத்திருக்கிறாராம். தீபாவளிக்கு நான்கு நாள் விடுமுறையில் வருவார். கூடைக் கயிற்றுப் பாட்டை இதுவரை எங்கேயும் பதிவு செய்யவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் அழைக்க வேண்டும், ஹட்டனில் ஒலிப்பதிவுக்கு ஒரு பகல் பேசி வைக்க வேண்டும் என்று அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.